மொரிஷியஸில் பசிக்க வேண்டிய நேரம்

மொரிஷியஸ் போகிற பலர், அங்கே என்ன சாப்பிடுவது என்பதை இங்கேயே முடிவு செய்துவிடுகிறார்கள். விமான டிக்கெட், அறை, காலை டிபன், இரவுச் சாப்பாடு என்று டிராவல்ஸ்காரர் ஒரே தொகையாகச் சொல்வார். இன்னும் கொஞ்சம் போட்டால் ‘ஆல் இன்க்ளூசிவ்’. போய் இறங்கியதும் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். அந்தப் பட்டை மணிக்கட்டில் இருக்கும்வரை எந்த வேளையும் எதையும் எடுத்துத் தின்னலாம், குடிக்கலாம். தேனிலவு போய்வந்தவர்களிடம் கேட்டால், “கடல் அருமை, சாப்பாடுதான் சுமார். இந்தியன் கவுண்டர் இருந்ததால் தப்பித்தோம்” என்பார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அவர்கள் சாப்பிட்டது மொரிஷியஸ் சாப்பாடே இல்லை.

அந்தத் தீவு பகலில் சாப்பிடுகிற தீவு. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. விடிந்ததுமே எண்ணெய்ச் சட்டி காயத் தொடங்கிவிடும். பதினொன்றரைக்கு டால் பூரிக் கடைகளில் வரிசை நிற்கும். இரண்டு மணி தாண்டினால் நல்ல கடைகளில் பாத்திரம் காலி. ஐந்து மணிக்குத் தலைநகரம் போர்ட் லூயி கதவைச் சாத்திக்கொண்டு மலையடிவார ஊர்களுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அந்தத் தெருக்களில் நாய்களும் காவலாளிகளும்தான். இருட்டிவிட்டால் பஸ்ஸும் அரிது. வேலைக்குப் போகிறவர்களின் மத்தியானப் பசிக்காக வளர்ந்த தெருச் சாப்பாடு இது. இரவில் அவரவர் வீட்டுச் சமையல்தான்.

சுற்றுலாப் பயணியோ இதற்கு நேர் எதிராக வாழ்கிறார். காலையில் ஓட்டல் பஃபேயில் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு, மத்தியானம் பசியில்லாமல் கடற்கரையில் கிடந்து, ராத்திரி எட்டு மணிக்கு “உள்ளூர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?” என்று வரவேற்பறையில் கேட்கிறார். அந்த நேரத்துக்கு அவருக்குக் கிடைப்பது ஓட்டலின் ‘மொரிஷியன் நைட்’. செகா நடனம் நன்றாகவே இருக்கும். டால் பூரிதான், மெழுகுத் தீக்கு மேலே மூடி போட்ட தட்டில் இரண்டு மணி நேரம் கிடந்து ஓரம் முறுக்கிக்கொண்டிருக்கும். நான் தங்கிய ஓட்டலில் அதை முள்கரண்டியால் குத்தித் தூக்க முடிந்தது. டால் பூரியை முள்கரண்டியால் தூக்க முடிகிறதென்றால் அது செத்துப்போய் நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே என் யோசனை இது. இரவுச் சாப்பாட்டோடு அறை எடுங்கள், தப்பே இல்லை. கடற்கரை ஓட்டல்கள் பலவும் கரும்புத் தோட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவே தனியாக நிற்கின்றன. ராத்திரி டாக்ஸி பிடித்துப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பினால், டாக்ஸிக் காசு சாப்பாட்டுக் காசைத் தாண்டிவிடும். ஆனால் மத்தியான வேளையை மட்டும் ஓட்டலுக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்பது அந்த ஒரு வேளையைத்தான் விலைக்கு வாங்குகிறது. முன்கூட்டியே காசு கட்டிய சாப்பாட்டை விட்டுவிட்டு வெளியே போய்க் காசு கொடுத்துத் தின்ன யாருக்கும் மனசு வராது. காலையிலும் கையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். பப்பாளி, காபி போதும்.

முதலில் போக வேண்டியது போர்ட் லூயி மத்தியச் சந்தை. துறைமுகத்துக்கு எதிரே, இரும்புக் கதவுகளோடு பழைய கட்டடம். ஒரு பக்கம் காய்கறி. சௌசௌ, பூசணி, முருங்கைக்கீரை, கட்டுக் கட்டாகக் கொத்தமல்லி. கோயம்பேட்டிலிருந்து நேராக வந்தவருக்குப் பெயர் தெரியாத காய் அதிகம் இருக்காது. சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் பக்கத்துக்குப் போய், எங்கே வரிசை நீளமோ அங்கே நில்லுங்கள். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்கும் ஆட்கள் நிற்கிற வரிசையாக இருந்தால் இன்னும் விசேஷம்.

டால் பூரி செய்கிற விதம் நம் போளியின் விதம்தான், இனிப்பு மட்டும் இல்லை. மஞ்சள் பட்டாணிப் பருப்பை மஞ்சள் தூள் போட்டு வேகவைக்கிறார்கள். விரலால் நசுக்கினால் உடைய வேண்டும், குழையக் கூடாது. நீரை ஒட்ட வடித்து, பருப்பை உதிரி உதிரியாக அரைத்து, சீரகப் பொடி சேர்க்கிறார்கள். வடித்த மஞ்சள் நீரைக் கொட்டுவதில்லை. மைதாவை அதில்தான் பிசைகிறார்கள். மாவு உருண்டைக்குள் பருப்புப் பொடியை அடைத்து, கிழியாமல் மெல்லிசாகத் தேய்த்து, எண்ணெய் தடவிய கல்லில் போட்டு எடுத்தால் முடிந்தது. தேய்க்கிறதில்தான் எல்லாம் இருக்கிறது. பருப்பு ஒரு பக்கமாக ஒதுங்காமல் ஓரம்வரை பரவ வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே மஞ்சள் துகள் தெரியும். நல்ல டால் பூரி கையில் துணியாகத் துவளும்.

கடைக்காரர் இதைத் துணி போர்த்திய பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார். எப்போதும் ஜோடியாகத்தான் விற்பனை. அடுக்கிலிருந்து இரண்டை விரல் நுனியால் உரித்து, ஒன்றின் மேல் ஒன்றைப் பாதி தள்ளிப் போட்டு, ‘குரோ புவா’ என்னும் பெரிய மொச்சைக் குழம்பு ஒரு கரண்டி, தக்காளி ‘ருகாய்’ ஒரு கரண்டி, ஊறுகாய் போன்ற ‘அஷார்’ கொஞ்சம் வைப்பார். பிறகு தலையை நிமிர்த்தாமல் ஒரே கேள்வி: “பிமா?” மிளகாய் வேண்டுமா என்கிறார். தலையாட்டினால் பச்சை மிளகாய் அரைத்த விழுதை ஒரு இழுப்பு இழுத்து, சுருட்டி, காகிதத்தில் மடித்துக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து விநாடி. தமிழ்நாட்டுக்காரர் என்ற தைரியத்தில் இரண்டு இழுப்பு கேட்க வேண்டாம். அந்த மிளகாய் சின்னது, ஆனால் சின்ன வேலை பார்ப்பதில்லை.

நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். குழம்பு முழங்கைவரை வழியும். அதற்காகவே உள்ளூர்க்காரர்கள் உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, சட்டையைக் காப்பாற்றிக்கொண்டு கடிக்கிறார்கள்.

இது வட இந்தியப் போஜ்புரி வீடுகளிலிருந்து வந்த பலகாரம். சந்தையிலிருந்து சில நிமிட நடையில் ஆப்ரவாசி காட் இருக்கிறது. 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கப்பலிலிருந்து இறங்கி ஏறிய கல்படிகள். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்தத் தீவின் துறைமுகம் வழியாக வந்தார்கள். பீகார்ப் பக்கத்தவர்கள் அதிகம், சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் உண்டு, பம்பாய்ப் பக்கமிருந்து மராத்தியரும் உண்டு. 2006இல் யுனெஸ்கோ ஆப்ரவாசி காட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் கூலியோடு அரிசியும் பருப்பும் உப்பும் அளந்து கொடுத்தார்கள். சாப்பிட்ட கையோடு அங்கே ஒரு நடை போய்வரலாம். பெரிய அருங்காட்சியகம் எதிர்பார்த்துப் போக வேண்டாம். படிகளைப் பார்க்கத்தான் போகிறோம்.

தமிழர்கள் இந்த ஒப்பந்தக் கூலிகளுக்கும் நூறு வருஷம் முன்பே வந்துவிட்டார்கள். 1735இல் பிரெஞ்சுக் கவர்னராக வந்த மாஹே தெ லா பூர்தொனே, துறைமுகமும் கட்டடங்களும் எழுப்பப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்தார். இன்று அவர்கள் வாரிசுகளில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். ஆனால் டால் பூரிக்குக் காசு கொடுக்கிறபோது நோட்டைத் திருப்பிப் பாருங்கள். தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கும். 100 ரூபாய் நோட்டில் இருக்கிற முகம் ரெங்கநாதன் சீனிவாசனுடையது. வழக்கறிஞர், சுதந்திரத்துக்கு முந்தைய அமைச்சர். 25 ரூபாய் நோட்டில் மொய்லின் ழான் ஆ-சுவென் என்ற சீன வணிகர். 1998இல் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்ட நோட்டுகள் வந்தபோது தமிழர்கள் விடவில்லை. அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சிட்டது. பேச்சில் நழுவிய மொழியை நோட்டில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிற பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. மொரிஷியஸின் ஒரு ரூபாய் நம் இரண்டு ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வரும். தெருவில் வயிறு நிறைய இந்தச் சின்ன நோட்டுகளே போதும். பெரிய நோட்டை நீட்டினால் கடைக்காரர் முகம் சுளிப்பார்.

காலை நேரத்துக் கதாநாயகன் வேறு. ‘காத்தோ பிமா’. ஊறவைத்த பருப்பைக் கொரகொரவென்று அரைத்து, பச்சை மிளகாய், வெங்காயத் தாள், கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, கோலிக்குண்டைவிடப் பெரிதாக உருட்டி எண்ணெயில் போடுகிறார்கள். நம் பருப்பு வடைதான் தட்டை உருவத்தை விட்டு உருண்டையாகிவிட்டது. சோம்பு இருக்காது. நாம் அதை டீயோடு கடித்துக்கொள்வோம். அவர்கள் சுடச்சுட நாலைந்தை, வெண்ணெய் தடவிய ரொட்டியைப் பிளந்து உள்ளே வைத்து நசுக்குகிறார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ரொட்டியும் தமிழ்ப் பாட்டியின் வடையும் ஒரே கடியில். மொறுமொறுப்பு, வெண்ணெய், மிளகாய், ரொட்டியின் சவசவப்பு எல்லாம் ஒன்றாக வரும். ஓட்டல் பஃபேயில் குரோசான் அடுக்கியிருக்கிற மேஜையை விட்டுவிட்டு ஆறரை மணிக்குப் பக்கத்து ஊர்க் கடைக்கு நடந்து போய் இதைத் தின்னச் சொன்னால் முதலில் கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஒரு தடவை போய்வந்தவர் மறுநாளும் போவார்.

கூடவே கண்ணாடிப் பெட்டியில் சமோசா, கத்தரிக்காய் பஜ்ஜி, சேப்பங்கிழங்கைத் துருவிப் பொரித்த உருண்டை, தேங்காய்ப் பூரணம் வைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கொழுக்கட்டை எல்லாம் இருக்கும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். மேல்மாவே கிழங்குதான், எண்ணெயில் பொரித்தது. மற்றவை நமக்குத் தெரிந்த ருசிகள்.

போர்ட் லூயியில் சந்தையை விட்டு வெளியே வந்து ராயல் தெருப் பக்கம் நடந்தால் சீனர் தெரு. ஹக்கா சீனர்கள் அதிகம். தெருவின் வாசலில் சீன வளைவு, கொஞ்ச தூரத்தில் ஜும்மா மசூதி, இரண்டுக்கும் நடுவே பிரியாணிக் கடை. மொரிஷியஸ் பிரியாணியில் உருளைக்கிழங்கு கட்டாயம். பெரிய செம்பு தேக்சாவில் தம் போட்டு, வெள்ளரிக்காய்ச் சாலட்டோடு கொடுக்கிறார்கள். நல்ல பிரியாணிதான். ஆனால் ஆம்பூரும் திண்டுக்கல்லும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவர் ஒரு தீவின் மத்தியான வேளையை அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

செலவழிக்க வேண்டியது பூலெட்டில். சின்னக் கடைகளில் ஆவி பறக்கும் மூங்கில் தட்டுகளோ அலுமினியத் தட்டுகளோ இருக்கும். அதில் மீன் உருண்டை, கோழி உருண்டை, இறால் உருண்டை என்று வரிசை. வேண்டியதைச் சுட்டிக்காட்டினால் கிண்ணத்தில் எடுத்துப் போட்டு, தெளிந்த சூடான சாறு ஊற்றி, வெங்காயத் தாள் தூவிக் கொடுப்பார்கள். மேலே பூண்டுத் தண்ணீரும் மிளகாயும் நாமே விட்டுக்கொள்ள வேண்டும். இதில் ‘நியூக் யென்’ என்று ஒன்று. சௌசௌவைத் துருவிப் பிழிந்து, மாவும் இறாலோ கறியோ சேர்த்து உருட்டி வேகவைத்தது. நம் வீடுகளில் கூட்டு வைத்தால் பிள்ளைகள் ஒதுக்கித் தள்ளுகிற அதே சௌசௌ. கண்ணாடி மாதிரி வெளிறி, வழுவழுவென்று, உள்ளே இலேசான இனிப்போடு அது கிண்ணத்தில் மிதக்கிறதைப் பார்த்தால், இத்தனை நாள் அந்தக் காயை நாம் சரியாக நடத்தவில்லையோ என்று தோன்றுகிறது. பொரித்த நூடுல்ஸான ‘மின் ஃப்ரீ’ எல்லாத் தெருவிலும் கிடைக்கும். சுமாரான கடையிலும் மோசமாக இருக்காது. ‘போல் ரென்வெர்ஸே’ என்பது கிண்ணத்தின் அடியில் முட்டை, அதன் மேல் வதக்கிய கோழி, அதற்கும் மேலே சோறு என்று அழுத்தி, தட்டில் கவிழ்த்து எடுப்பது. கவிழ்க்கும்போது முட்டை மேலே வந்துவிடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. டால் பூரியும் காத்தோ பிமாவும் சுத்த சைவம், பயப்பட வேண்டியதில்லை. நூடுல்ஸில் காய்கறி மட்டும் கேட்டாலும் சிப்பிச் சாறோ மீன் சாறோ சேர்ந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஹலீம்’ என்று மணக்க மணக்க வண்டியில் விற்பது கறி சூப். ‘ருகாய்’ என்றால் தக்காளிதானே என்று வாங்கினால் உள்ளே கருவாடு இருக்கும், அல்லது சாஸேஜ். கருவாட்டு ருகாய் அசைவர்களுக்கு அமிர்தம் என்பது வேறு விஷயம்.

ஆனால் சைவச் சாப்பாட்டின் உச்சம் எந்தக் கடையிலும் இல்லை, கோவிலில் இருக்கிறது. மொரிஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. சின்ன ஊர்களில்கூட அலகு குத்தி, பூக்காவடி எடுத்து, வெயிலில் பல மணி நேரம் நடந்து கோவிலுக்கு வருகிறார்கள். விரதம் முடிந்ததும் வாழையிலை போட்டு ‘செட் காரி’, ஏழு கறிச் சாப்பாடு. தமிழ்க் கல்யாணங்களிலும் இதுதான். ஏழு எவையெவை என்று வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் மாறும். பலாக்காய், வாழைக்காய், பூசணி, மொச்சை, கீரை என்று நான் உட்கார்ந்த பந்தியில் வந்தன. பருப்பும் பச்சடியும் அப்பளமும் வடையும் கணக்கில் சேராத உபரிகள். எனக்குப் பரிமாறிய அம்மா முதலில் கிரியோலில் கேட்டார், நான் விழிக்கவும் பிரெஞ்சில் கேட்டார், பிறகு கரண்டியைத் தூக்கிக் காட்டி “ரசோன்?” என்றார். புளி தூக்கலான, மிளகும் பூண்டும் இடித்துப் போட்ட ரசம். இலையில் ஊற்றியதும் அது ஓடப் பார்க்க, நான் சோற்றால் அணை கட்டுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். எங்கே கற்றுக்கொண்டேன் என்று கேட்க அவருக்கு மொழி தேவைப்படவில்லை.

அந்தச் சாப்பாட்டில் சாம்பார்ப் பொடியின் வாசனை இல்லை. தேங்காய் குறைவு. மசாலா பச்சையாக அரைத்த மசாலா, மல்லித்தழையும் கறிவேப்பிலையும் ஏராளம். ஹோட்டல் ருசிகள் நம் சமையலில் புகுவதற்கு முன்பு கப்பலேறிய கைப்பக்குவம் என்று தோன்றியது. நிரூபிக்க முடியாது. தைப்பூசக் காலத்தில் போக முடியாதவர்கள், செட் காரி இருக்கிறதா என்று தங்கும் இடத்தில் விசாரித்து வைக்கலாம். முன்கூட்டிச் சொன்னால் செய்து தருகிற உணவகங்கள் உண்டு. தனி ஒருவருக்காகச் செய்ய மாட்டார்கள், நாலு பேராவது வேண்டும். போர்ட் லூயியின் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் போனால், ஊர்க்காரர்கள் அதைக் ‘கைலாசோன்’ என்பார்கள், விழா நாட்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சந்தை நாட்களைக் கிழமை பார்த்துப் பிடிக்க வேண்டும். மஹேபூரில் திங்கள். சென்ட்ரல் ஃபிளாக்கில் புதனும் ஞாயிறும். கிழக்குக் கடற்கரை ஓட்டல்களில் தங்குகிறவர்களுக்கு ஃபிளாக் பக்கம். தீவின் பெரிய திறந்தவெளிச் சந்தை அது. கூட்டமும் இரைச்சலும் வண்ணமும் தாராளம். எனக்கு மஹேபூர்தான் பிடித்தது. கடலை ஒட்டிய சந்தை, காய்கறியைத் தாண்டினால் படகுகள். 2020 ஜூலையில் வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் இந்தக் கரைக்கு எதிரே பவளப்பாறையில் மோதி, ஆகஸ்டில் எண்ணெய் கசிந்தது. கடல் கறுத்தது. இந்தப் பகுதியில் மீன்பிடிக்கத் தடை வந்தது. கரும்புச் சோகையையும் வெட்டிய தலைமுடியையும் துணியில் திணித்து மிதவை தைத்து எண்ணெயைத் தடுத்தவர்கள் இந்த ஊர் மக்களும் தீவெங்கும் இருந்து வந்தவர்களும்தான். இன்று சந்தையின் இரைச்சலில் அதற்கு அடையாளம் எதுவும் தெரியாது.

அங்கே வாங்க வேண்டியது ‘கோன்ஃபி’. மாங்காய், அன்னாசி, அம்பரலங்காய் எதையாவது நறுக்கி, புளிக் கரைசலும் உப்பும் மிளகாயும் சேர்த்துப் பையில் போட்டுக் குலுக்கித் தருகிறார்கள். மெரினாவில் மாங்காய்க் கீற்று தின்றவருக்கு விளக்கம் தேவையில்லை. கடற்கரைகளில் சின்ன விக்டோரியா அன்னாசியை, கண்கள் போகும்படி சுற்றிச் சுற்றிச் சரிவாகச் செதுக்கி, காம்பைப் பிடியாக வைத்துக் கொடுப்பார்கள். அதற்கும் புளி மிளகாய் உண்டு, கேட்டு வாங்குங்கள். டிசம்பரில் போனால் லிச்சிப் பழம். மஹேபூரிலேயே ரோ குடும்பத்தின் மரவள்ளி பிஸ்கட் தொழிற்கூடம் 1870 முதல் நடக்கிறது. பழைய முறையில், கரும்புச் சோகையை எரித்துச் சூடாக்கிய தகட்டில் சுடுகிறார்கள். பிஸ்கட் வறண்டது, கொஞ்சம் கெட்டி. டீயில் நனைத்துத் தின்ன வேண்டும். பார்க்கிற சுவாரஸ்யத்தில் பாதிதான் தின்பதில் என்றாலும் போகலாம்.

போர்ட் லூயி சந்தையில் சொல்ல மறந்தது ஆலூதா. பால், சப்ஜா விதை, கடல்பாசி ஜெல்லி, வெனிலா, ஐஸ். டால் பூரியின் மிளகாய் உச்சந்தலைக்கு ஏறிய பிறகு இதை மடக் மடக்கென்று குடிக்க வேண்டும். ஜெல்லி தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். டால் பூரிக்காகவே இன்னொரு இடம் ரோஸ் ஹில். தேவா அண்ட் சன்ஸ் என்ற கடைக்குத் தீவெங்கும் பெயர். போர்ட் லூயியிலிருந்து மெட்ரோவில் ஏறினால் ரோஸ் ஹில்லில் இறங்கிக்கொள்ளலாம், டாக்ஸி வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணக்கு மாறும். மத்தியானத்துக்குள் போர்ட் லூயி அடங்கிவிடும். தீவே கடற்கரைக்கு வந்துவிடும். கடற்கரைகள் பொதுச் சொத்து, எந்த ஓட்டலும் அலையேற்றக் கோட்டுக்குக் கீழே வேலி போட முடியாது. ஃபிளிக் ஆன் ஃபிளாக், மோன் ஷுவாசி, பெல் மார் போன்ற பொதுக் கடற்கரைகளில் சவுக்கு மரங்களுக்கு அடியில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரிப்பார்கள். தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், பிரியாணிப் பாத்திரம், பீனிக்ஸ் பீர், சிலரிடம் ராவான் பறை. வாடகைக்கு வேன் எடுத்து வந்திருப்பார்கள். ஓரத்தில் வரிசையாக வண்டிக் கடைகள் நிற்கும். ஃபராத்தா என்னும் பரோட்டா, பொரித்த நூடுல்ஸ், பூலெட், இளநீர், சர்பத் எல்லாம் அங்கேயே. ஞாயிறு மத்தியானத்துக்கு இதைவிட நல்ல சாப்பாட்டு இடம் தீவில் இல்லை. ஓட்டல் நாற்காலியை விட்டு எழுந்து மணலிலேயே நடந்து போனால், பல ஓட்டல்களிலிருந்து பத்து இருபது நிமிடத்தில் ஒரு பொதுக் கடற்கரை வந்துவிடும்.

உட்கார்ந்து சாப்பிடுகிற உணவகம் என்று ஒரு நாளாவது வேண்டும் என்பவர்கள், தென்மேற்கு மலைமேலே ஷமரெலுக்கு மத்தியானம் போங்கள். அந்த ஊரின் வண்ண மண் மேடுகளைப் பார்க்க எப்படியும் போவீர்கள். அங்கே மான்கறிக் குழம்பு கிடைக்கும். 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மான்களின் வம்சம். அவர்கள் தீவை விட்டுப் போனார்கள், மான் தங்கிவிட்டது. பனைக் குருத்து சாலட்டுக்கு ‘கோடீஸ்வரர் சாலட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு கிண்ணத்துக்காக ஒரு மரத்தையே வெட்ட வேண்டும் என்பதால். ருசி எனக்கு அந்தப் பெயருக்கு ஈடாகப் படவில்லை. நம் பனங்குருத்துக்கு ஒரு மாற்றுக் குறைவு. ‘ஊரித்’ என்னும் பேய்க்கணவாயில் குழம்பும் செய்வார்கள், கடுகு, மஞ்சள், வினிகர் போட்டு ‘விந்தாய்’ ஊறுகாயும் செய்வார்கள். விந்தாய்தான் மேல். ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை பேய்க்கணவாய் பிடிக்கத் தடை. அந்த இரண்டு மாதத்தில் யாராவது ‘இன்று காலையில் பிடித்தது’ என்று கொண்டுவந்து வைத்தால் சிரித்துவிட்டு மீன் கேளுங்கள்.

ராத்திரியில் வெளியே சாப்பிட்டே தீர வேண்டுமென்றால் வடக்கே கிராண்ட் பே விழித்திருக்கும், தலைநகரில் கோதான் துறைமுகக் கரை விழித்திருக்கும். இரண்டிலும் நல்ல உணவகங்கள் உண்டு. விலை ஐரோப்பியருக்கு வைத்த விலை. வீட்டு முற்றத்தில் மேஜை போட்டு, வீட்டில் சமைத்ததையே பரிமாறும் ‘தாப்ல் தோத்’ குடும்பங்கள் அங்கங்கே இருக்கின்றன. முதல் நாளே போனில் சொல்ல வேண்டும். அந்த ஒன்றுக்காக மட்டும் ஓட்டல் இரவுச் சாப்பாட்டை ஒரு நாள் விட்டுக்கொடுப்பேன்.

திரும்பி வரும் நாளில் விமானம் சாயங்காலமாக இருந்தால், நேரே விமான நிலையம் போகாதீர்கள். மஹேபூர் பக்கத்திலேயே இருக்கிறது. பெட்டியோடு போய்க் கடைசி ஜோடி டால் பூரியைத் தின்னலாம். அப்படியே ‘மசவாரு’ என்னும் மிளகாய் விழுது ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளலாம். பாட்டிலைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் அதையும் தண்ணீர்க் கணக்கில்தான் சேர்க்கிறார்கள்.